கவிழ்ந்தது கப்பல், எதிர்ப்பு எண்ணெய்க் கிணற்றுக்கா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊரிலிருந்து ஒரு வாசகர், 2025 ஜூன் 8

மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கியது எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல். அதிலிருந்து நம் கரைக்கு வந்தது பிளாஸ்டிக் குருணை. அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. குமரிக் கடலில் இன்னும் ஒரு கிணறுகூடத் தோண்டவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு "எண்ணெய்க் கிணறு வேண்டாம்" என்று கடற்கரை ஊர்களில் ஏன் கூட்டம் போடுகிறீர்கள்? கப்பல் கவிழ்ந்தால் கப்பலைத் தடை செய்யச் சொல்வீர்களா?

ஜூன் 8, இரவு

நியாயமான கேள்வி. எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. கப்பல் வேறு, கிணறு வேறு. எல்சா 3 கப்பலில் 640 பெட்டகங்கள் இருந்தன, 13-இல் ஆபத்தான சரக்கு. எரிபொருளாக 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும். அது வழியோடு போகிற கப்பல். எண்ணெய் தேட ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுத்திருப்பது குமரிக்குத் தெற்கே மூன்று கடல் தொகுதிகள், மொத்தம் 27,154 சதுர கிலோமீட்டர். அது ஓரிடத்தில் நின்று செய்கிற வேலை. போஸ்டரில் இரண்டையும் ஒரே படத்தில் போட்டால், எதிர்த்தரப்பு முதல் நிமிடத்திலேயே "இவர்களுக்கு விஷயம் தெரியவில்லை" என்று சொல்லிவிடும்.

என் யோசனை: காவிரி டெல்டாவுக்கு 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போட்டார்கள். அதே மாதிரி குமரிக் கடலுக்கும் சென்னையில் ஒரு சட்டம் போட்டால் போதும். கப்பலை இழுக்கவே வேண்டாம்.

ஜூன் 9

நேற்று எழுதியதில் பாதி தவறு. குளச்சல் வக்கீல் அண்ணன் போனில் திருத்தினார்.

டெல்டா சட்டம் நிலத்துக்கு. கடலில் மாநிலத்தின் கை 12 கடல் மைல் வரைதான் நீளும், அதுவும் மீன்பிடி ஒழுங்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும். கடலுக்கு அடியில் உள்ள எண்ணெயும் கனிமமும் அரசியலமைப்பின் 297ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசின் சொத்து. 200 மைல் வரை அப்படித்தான். ஆகவே சட்டமன்றம் "வேண்டாம்" என்று தீர்மானம் போடலாம், ஆனால் தடை போட முடியாது. நம் எம்.பி. விஜய் வசந்த் எதிர்ப்பைத் தெரிவித்திருக்கிறார். முடிவெடுக்கிற இடம் டெல்லி.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் வேலைக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். எண்ணெய் கிடைத்து, எடுக்கிற கட்டம் வந்தால்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெண் பார்த்து, பூ வைத்து, மண்டபமும் பிடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை என்றார் அண்ணன்.

ஜூன் 11

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கப்பலை இழுக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில் மனம் நிற்க மறுக்கிறது.

மே மாதக் கடைசியில் எங்கள் கரையில் முதலில் ஒதுங்கியது மூட்டைகள். சில மூட்டைகள் முழுசாக, சில கிழிந்து. கிழிந்ததிலிருந்து சிந்தியது ஜவ்வரிசி மாதிரி இருக்கும், வெள்ளையாக, வழுவழுப்பாக. மணவாளக்குறிச்சிப் பக்கம் மாதிரி கருமணல் என்றால் பளிச்சென்று தெரியும். எங்கள் கரை வெளிர்மணல். குனிந்து, முகத்தை மணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எது மணல், எது சிப்பித்தூள், எது பிளாஸ்டிக் என்று பிரியும்.

அள்ளுவதற்கு யாரிடமும் கருவி இல்லை. வீட்டிலிருந்து மாவு அரிக்கிற அரிப்பைக் கொண்டுவந்தோம். ஈர மணல் அதில் இறங்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வாளியில் கடல் தண்ணீரை நிரப்பி மணலை அள்ளிப் போட்டால் மணல் அடியில் போகும், குருணை மேலே மிதக்கும். தேநீர் வடிகட்டியால் அதை வழித்து எடுக்கலாம். காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை நாலு பேர் செய்தோம், கால் சாக்கு தேறியது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே அளவு கிடந்தது.

அம்மா கருங்கல் சந்தையில் முப்பது வருடமாக மீன் விற்கிறார். அந்த வாரம் அவரோடு போனேன். வழக்கமாக வாங்கும் ஒரு டீச்சர் வந்தார். சாளையை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே அது இருக்குமா?" என்று கேட்டார். அம்மா கத்தியை எடுத்து நாலு சாளையை அங்கேயே கீறிக் காட்டினார். ஒன்றிலும் எதுவும் இல்லை. டீச்சர் சங்கடப்பட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்குறேன் அக்கா" என்று போய்விட்டார். கீறிய மீனை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாடாக்கினோம். டீச்சர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கருங்கல் நண்பருக்கு இப்போது இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் கப்பலையும் கிணற்றையும் குழப்பவில்லை. கடலில் யாரோ செய்ததைக் கரையில் யார் அள்ளுகிறார்கள், எந்தப் பாத்திரத்தால் அள்ளுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

ஜூன் 12

ஒன்று விட்டுப்போனது. கேரள அரசு பாதிக்கப்பட்ட நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு 1000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் அறிவித்தது. அந்த அறிவிப்பு கேரளத்தின் கடைசி ஊரான பொழியூரோடு நின்றது. அடுத்த ஊர் நீரோடி, நடக்கிற தூரம், நம் மாவட்டம். குருணை எல்லைக்கல் பார்த்து நிற்கவில்லை.

ஜூன் 15

"உங்கள் போட்டுக்கு டீசல் வானத்திலிருந்தா வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

நான் ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுகிறேன். என் கூடப்பிறந்த அண்ணன் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் போட்டில் போகிறான். ஒரு முறை போனால் முப்பது, நாற்பது நாள். ஐந்தாயிரம் லிட்டர் டீசல் ஏற்றாமல் அந்தப் போட் துறையை விட்டு இறங்காது. ஒரு ட்ரிப்பில் வலை எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று பார்த்தால் மிகப் பெரிய செலவு டீசல்தான். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். மும்பை ஹையில் 1974-இல் எண்ணெய் கண்டுபிடித்தபோது நாடே கொண்டாடியது.

ஆனால் டீசல் போடுகிறவன் எண்ணெய் எடுக்கிற எல்லா இடத்துக்கும் தலையாட்ட வேண்டும் என்று கணக்கு இல்லை. சோறு சாப்பிடுகிறவன் எல்லாக் குளத்தையும் தூர்த்து வயலாக்கச் சொல்ல மாட்டான். வாட்ஜ் பேங்க் என்பது குமரிமுனைக்குத் தெற்கே பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அளவுள்ள திட்டு. வெயில் அடிவரை எட்டுகிற ஆழம் குறைந்த இடங்களும், நீரோட்டங்கள் மோதுகிற விளிம்பும் இருப்பதால் அங்கே மீன் பெருகுகிறது. கணவாயும் நவரையும் அங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது என்பது அண்ணன் வாக்கு. இப்படிப்பட்ட இடத்துக்கு நடுவில் போய்த் தோண்டுவதா?

ஜூன் 19

மேலே "நடுவில்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். சித்தப்பா மகன் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்க்கிறான், நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினோம். அந்த மூன்று தொகுதிகளின் பெயரிலேயே "மிக ஆழ்கடல்" என்று இருக்கிறது என்று காட்டினான். அந்தத் தொழிலில் அப்படிச் சொன்னால் ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டரும் அதற்கு மேலும். வாட்ஜ் பேங்க் அதைவிட மிகவும் மேடான இடம். ஆகவே திட்டின் நடுவில் ரிக் நிற்பதுபோல நாம் பகிரும் படம் சரியில்லை. தோண்டுவது திட்டுக்கு அப்பால், ஆழத்துப் பக்கம். படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன்.

இது ஆறுதலா? அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கிணற்று வாயில் அழுத்தத்தை அடக்க ஒரு பெரிய தடுப்பு வால்வுக் கோபுரம் பொருத்துவார்கள், பெரும்பாலும் அது வேலை செய்யும் என்றான். வேலை செய்யாத அன்று மனிதன் இறங்க முடியாத ஆழத்தில் ரோபோவை அனுப்பித்தான் மூட வேண்டும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தபோது கடலின் ஆழம் ஏறக்குறைய 1500 மீட்டர். 11 பேர் இறந்தார்கள். எண்ணெயை நிறுத்த 87 நாள் ஆனது.

அவன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அவன் சம்பளத்தில்தான் சித்தி வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது. நம் கடற்கரையில் ஊருக்குப் பத்துப் பேராவது அப்படிப் போயிருக்கிறார்கள். அவர்களிடமும் இந்தப் பேச்சில் கருத்துக் கேட்க வேண்டும். எதிரி என்று ஒதுக்கினால் நமக்குத்தான் நட்டம். கிணற்றின் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஜூன் 22

"குமரியிலிருந்து அவ்வளவு தெற்கே கசிந்தால் நமக்கு ஏன் வரப்போகிறது, இலங்கைக்கோ மாலத்தீவுக்கோதான் போகும்" என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே வந்து குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே போகும். கொச்சியில் கவிழ்ந்தது நம் கரைக்கும் தனுஷ்கோடி வரைக்கும் வந்தது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் அது திரும்பும். வங்கக்கடல் தண்ணீர் முனையைச் சுற்றி மேற்கே வந்து கரையோடு வடக்கே ஏறும். அப்போது தெற்கே எண்ணெய் கசிந்தால் எங்கே வரும்?

இதற்குப் படம் பார்க்க வேண்டியதில்லை. 2017-இல் ஓகி புயலில் போன நம் ஆட்களின் உடல்கள் எங்கே கிடைத்தன? கோழிக்கோடு வரை கிடைத்தன. அது டிசம்பர் மாதம். டி.என்.ஏ. சோதனைக்காகக் கேரளத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஏறி இறங்கிய வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. மார்கழிக் கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வேறு எழுத மனம் வரவில்லை. நாளை பார்ப்போம்.

ஜூன் 29

12 மைல் பிரச்சினைக்குத் திரும்புகிறேன். இதே சிக்கல் அமெரிக்காவில் இருந்திருக்கிறது. கலிஃபோர்னியாவுக்கு மூன்று கடல் மைல் வரைதான் அதிகாரம், அதற்கு அப்பால் வாஷிங்டன். 1969 ஜனவரி 28 அன்று சாண்டா பார்பரா கரைக்கு எதிரே கிணறு பீறிட்டது அந்த மூன்று மைலுக்கு வெளியே. எண்ணெய் வந்தது மாநிலத்தின் கரைக்கு. அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் தங்கள் பங்குக் கடலில் புதுக் குத்தகையை நிறுத்தினார்கள். பிறகு 1985-இல் சாண்டா குரூஸ் நகர மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள். கடலில் எண்ணெய் எடுப்பதற்கான குழாயோ கிட்டங்கியோ கரையில் அமைப்பதென்றால் மக்கள் ஓட்டு வேண்டும் என்று. அதைப் பார்த்து வேறு பல ஊர்களும் அப்படிச் செய்தன.

கடல் டெல்லி கையில், கரை நம் கையில். இந்தப் பாதையை யாராவது யோசித்தீர்களா? இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வருவதாக இருந்ததே, கரை மக்கள் நின்றதால்தானே அது நகர்ந்தது.

ஜூன் 30

ரிக் தம்பி இதைப் படித்துவிட்டு எழுதியது: "அண்ணா, அவ்வளவு ஆழத்தில் எடுக்கிற எண்ணெயை மிதக்கும் கப்பலிலேயே சேமித்து அங்கேயே டேங்கரில் ஏற்றிவிடலாம். குழாய் கரைக்கு வரவே வேண்டாம். தோண்டும்போது சிமென்ட், சேறு, குழாய் எல்லாம் கொண்டுபோக ஒரு துறைமுகம் வேண்டும், அது தூத்துக்குடியாகவும் இருக்கலாம், கொச்சியாகவும் இருக்கலாம்."

சரிதான். ஆகவே கரையைப் பூட்டினால் கிணறு நின்றுவிடும் என்று நேற்று நான் நம்பியது அதிகம். தூத்துக்குடிக்காரர்களையும் விழிஞ்ஞத்துக்காரர்களையும் சேர்க்காமல் இது ஆகாது. கொல்லம் கடலிலும் ஆய்வுக் கிணறு வருகிறது, அங்கே மீனவர் சங்கங்கள் எதிர்க்கின்றன. மொழி வேறானாலும் வலை ஒன்று.

ஜூலை 9

கேள்வி கேட்ட கருங்கல் நண்பரே, ஒரு மாதமாகிவிட்டது, இப்போது உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

எல்சா 3 மூழ்கியதற்குக் கேரள அரசு உயர் நீதிமன்றம் போய் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டிருக்கிறது. நீதிமன்றம் அதே நிறுவனக் குழுமத்தின் இன்னொரு கப்பலான அகிடெட்டா 2-ஐ விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்க உத்தரவிட்டிருக்கிறது. கப்பல் என்றால் இது முடியும். அதற்குக் கடல்வழிச் சட்டம் இருக்கிறது, பன்னாட்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, காப்பீடு இருக்கிறது.

கிணற்றுக்கு? கடல் எண்ணெய்க் கிணறு கசிந்தால் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. 2009 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் மொன்டாரா கிணறு பீறிட்டு 74 நாள் கொட்டியது. அக்கரையில் இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் கடற்பாசி வளர்ப்பவர்கள். பாசி வெளுத்துச் செத்தது. கிணறு எங்களுடையதுதான், ஆனால் எண்ணெய் அவ்வளவு தூரம் வரவில்லை என்றது நிறுவனம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் சேர்ந்து ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். 2022 நவம்பரில்தான் 192.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு வந்தது. 13 வருடம். அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

நம் விஷயத்தில் கிணற்றுக்காரர் அரசு நிறுவனம். அனுமதி கொடுப்பது அரசு, கண்காணிப்பது அரசு, இழப்பைக் கணக்கிடுவதும் அரசு. யாருடைய கப்பலைப் போய்ப் பிடிப்பீர்கள்?

ஆகவே ஜூன் 8 அன்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கப்பல் வேறு, கிணறு வேறு என்பது உண்மை. வேறாக இருப்பதால்தான் கிணற்றை இன்னும் கடுமையாக எதிர்க்க வேண்டும்.

ஜூலை 27

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது நினைவிருக்கும். 1680 டன் குருணை. மூன்று நாளைக்கு முன் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அங்கே மீன் விற்கிற பொம்பளைக்கு அதில் எவ்வளவு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 3

நியூசிலாந்து 2018-இல் கடலில் புதிய எண்ணெய் ஆய்வைத் தடை செய்தது, நாமும் அதைக் கேட்போம் என்று மார்ச்சில் துண்டறிக்கை அடித்தோம். அந்தத் தடையைப் போன வாரம் அங்கே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மாற்ற வேண்டும். ஆட்சி மாறினால் சட்டமும் மாறும் என்பதையும் சேர்த்தே எழுதலாம், மறைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 16

நேற்று சுதந்திர தின கிராம சபை. "எல்லாக் கடற்கரை ஊரிலும் தீர்மானம் போடுங்கள்" என்று வெளியூர் நண்பர்கள் எழுதினார்கள். நம் மாவட்டத்தின் நிலை அவர்களுக்குத் தெரியாது. 95 கிராம ஊராட்சிகள், அதோடு ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள், நகராட்சிகள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. எங்கள் ஊர் பேரூராட்சிக்குள் இருக்கிறது. மீன்பிடித்துப் பிழைக்கிற ஊர், சட்டத்தின் கண்ணுக்கு நகரம். கிராம ஊராட்சிகளிலும் ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தலைவர்கள் இல்லை, தனி அலுவலர்தான்.

பக்கத்து ஊராட்சிக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போனேன். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்து நம் விஷயம் வர மணி ஒன்றாகிவிட்டது. 12 மைல் கணக்கை ஒருவர் விளக்கியதும், கரமடி வலை இழுத்துக் கை காய்த்துப்போன ஒரு பெரியவர் எழுந்து, "எண்ணெய்க்கும் அந்த மைல்கல்லைக் காட்டி நிப்பாட்டுவீங்களா மக்களே?" என்றார். கூட்டமே சிரித்தது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் முதலில் விழுந்த கையெழுத்து அவருடையது.

எங்கள் ஊருக்கு இருக்கிற வழி பேரூராட்சி மன்றம். கவுன்சிலர் ஒருவர் தீர்மானத்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசகத்தை நான் எழுதினேன். எழுதும்போது 1976 மார்ச் மாத இந்திய-இலங்கைக் கடிதங்களை மறுபடி படித்தேன். வாட்ஜ் பேங்க் இந்தியாவுடையது என்று உறுதியானபோது, இலங்கைப் படகுகள் ஆறுக்கு மூன்று வருடம் மட்டும், ஆண்டுக்கு 2000 டன்னுக்கு மிகாமல், அங்கே மீன்பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: அந்தக் காலத்துக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவு செய்தால், எந்தப் பகுதியில், எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை இலங்கைக்கு அறிவிக்க வேண்டும்.

அடுத்த நாட்டின் ஆறு படகுகளுக்கு எழுத்தில் கொடுத்த அறிவிப்பு அது. அந்தத் திட்டில் இன்று மீன்பிடிக்கிற நம் படகுகளுக்குக் கிடைத்தது பேப்பரில் வந்த செய்தி. இதைத் தீர்மானத்தின் மூன்றாம் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். கருத்துக்கேட்பு இல்லாமல் ஆய்வுக் கிணறும் கூடாது என்பது நாலாவது. தொகுதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது ஐந்தாவது.

மன்றக் கூட்டம் 28ஆம் தேதி காலை 11 மணிக்கு. அம்மா அன்று சந்தைக்குப் போகவில்லை. மே மாதம் வழித்தெடுத்த குருணையில் ஒரு பாட்டில் வீட்டில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு வருகிறார்.